இருமக் கூடாது

"பிறந்தநாள் வாழ்த்துகள், ஐயா!"

நலப்பிரிவு அதிகாரி பூங்கொத்தை நீட்டினாள். மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. வாத்தியார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தொண்டைக்குழிவரை ஏறி வந்த இருமலை எச்சிலோடு சேர்த்து உள்ளே தள்ளினார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. சுண்ணாம்பு ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். நாலு வருஷத்துக்கு முன்னால் சின்ன மகளிடம் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர், மூட்டையில் அச்சடித்ததையெல்லாம் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தார். கூட்டாளிகள் வைத்த பெயர் அது.

உண்மையில் இன்றைக்கு அவருக்குப் பிறந்தநாளும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், தலைமுடியெல்லாம் சுண்ணாம்போடு சூளையிலிருந்து நேரே வந்து வேலை கேட்டு நின்றார். "என்னைக்குப் பொறந்தே? வயசென்ன?" என்று குமாஸ்தா கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்?" என்றார். குமாஸ்தா அவருடைய வெளுத்த தலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாமல் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அங்கே சேர்ந்த நாளே பிறந்தநாள்.

"உக்காருங்க ஐயா. டீ குடிங்க." ஒரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். 'புதிய வயதில் என் இலக்குகள்' என்று மேலே கொட்டை எழுத்து. "உடம்புக்கு மூணு எழுதுங்க. மனசுக்குப் பிடிச்சதா ஒண்ணு. பாட்டு, படம், எதுவா இருந்தாலும் சரி."

இந்தத் தாள் என்றாலே ஆலையில் எல்லோருக்கும் பயம். போன மாசம் சல்லடைக்காரர் இந்த அறைக்குள் போனார். பூங்கொத்தோடு வெளியே வந்தார். மறுநாள் பெட்டி படுக்கையோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்னால் கொதிகலன்காரர். இரண்டு பேருக்கும் ஓயாத இருமல்.

காலையில் வாசலிலேயே நெட்டையன் பிடித்துக்கொண்டான். கூட மூட்டை தூக்குகிறவன்.

"வாத்தி, இது பொறந்தநாள் இல்ல, பொறி. உள்ள போயி ஒரு தடவை லொக்குன்னு சத்தம் வந்துச்சு, உன் சீட்டைக் கிழிச்சிருவாங்க. வாயில கல்கண்டை அடக்கிக்க. என்ன கேட்டாலும் குதிரை மாதிரி இருக்கேன்னு சொல்லு."

"குதிரை இருமாதாடா?"

"இருமுற குதிரையை எவன் வண்டியில பூட்டுவான்?"

சின்ன மகளுக்கு நர்ஸ் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். வாத்தியார் போட்ட கணக்கில் அவருக்கு ஐம்பத்து நாலு; அண்ணனுக்கு இரண்டு வயசு இளையவர். அறுபதில்தான் ஓய்வு. ஆறு வருஷம் தாராளமாகக் கிடக்கிறது. இந்த அறையை விட்டு இருமாமல் வெளியே போய்விட்டால் போதும்.

"நான் எழுதித் தரட்டுமா, ஐயா?"

"வேணாம்மா. நானே எழுதுறேன்."

பேனாவை உளி மாதிரிப் பிடித்து எழுதினார். பீடி தொட மாட்டேன். தினம் நடப்பேன். ஒன்பது மணிக்குப் படுப்பேன். மூன்றும் பொய். நான்காவதில் பேனா நின்றது. "பாட்டுன்னு மட்டும் எழுதிடாதே. நீ பாடினா ஆலையை இழுத்து மூடிருவாங்க" என்று வீட்டுக்காரி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுதினார்: 'என்கூட மூட்டை தூக்கினவங்களைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதுவேன்.' அந்தத் தாளில் அது ஒன்றுதான் மனசார எழுதியது.

அவள் வாசித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு ஐயா" என்றாள். "காலையில பத்து மணிக்கு என்ன செய்யலாம்னு இருக்கீங்க? நிறைய பேருக்கு அந்த நேரம்தான் போகவே போகாது."

கொக்கி போடுகிறாள் என்று வாத்தியார் சுதாரித்துக்கொண்டார். "பத்து மணிக்கு ரெண்டாவது லாரி வரும்மா. ஏத்துவேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா தமாஷ் பண்றீங்க! இந்த மனசு இருந்தா போதும்."

அந்தச் சிரிப்புக்கு நடுவில் இருமல் நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு மேலே வந்தது. மிச்ச டீயை ஒரே மடக்கில் ஊற்றி அதை அமுக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கலங்காதீங்க ஐயா."

"கலங்கலம்மா. சந்தோஷம். குதிரை மாதிரி இருக்கேன்."

அவள் தாளில் முத்திரை குத்தினாள். எழுந்து நின்று கும்பிட்டாள். ஒரு லொக்குகூட வெளியே வரவில்லை. வாத்தியாருக்கு நெஞ்சுக்கூடு முழுக்கக் காற்றாகிவிட்டது போல இருந்தது. மகள் வெள்ளை உடுப்போடு கண்முன் வந்து நின்றாள்.

கதவுவரை போனவர் திரும்பினார். கேட்காமல் போக மனசு வரவில்லை.

"அப்போ நான் தேறிட்டேனாம்மா? நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டுதானே?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கோப்பைத் திறந்தாள். அதில் ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஐயா... உங்களுக்கு இன்னையோட அறுபது முடிஞ்சுதே!"