தானாகத் திறக்கும்

லேப்டாப்பை மேசைமேல் வைத்த கையோடு, "ஆன் பண்ணினாலே பாஸ்வேர்ட் கேட்டு உயிரை வாங்குதுங்க," என்றார் வந்தவர்.

மெக்கானிக் அதைத் திருப்பினார். அடியில் பாதி பிய்ந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஏ.சி. வீணாகிறது என்று முணுமுணுத்தபடி எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது விண்டோஸ் இல்லீங்க, லினக்ஸ். டிஸ்க்கையே பூட்டி வெச்சிருக்கு. முன்னாடி எப்படித் திறந்தீங்க?"

"தானாத்தான் திறக்கும். மூணு வருஷமா ஒரு தொல்லையும் இல்ல."

"அப்போ ஒரு பென் டிரைவ் இருக்கணுமே. சாவி அதுலதான் இருக்கும். அதைச் சொருகிட்டு ஆன் பண்ணினா, கேக்காமலே திறந்துக்கும்."

வந்தவர் திருதிருவென விழித்தார். "அது... எங்கயோ தொலைஞ்சுபோச்சு. உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுக் கொடுங்க, போதும்."

"ஐயையோ, குழந்தைங்க போட்டோ ஏதாவது இருக்குமே! அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்."

மெக்கானிக் உற்சாகமாகத் தன் ஸ்கூட்டர் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் தொங்கிய குட்டி பென் டிரைவைச் சொருகி, ஆன் செய்தார். திரையில் எழுத்துகள் ஓடின. பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. முன்பல் விழுந்த ஒரு சிறுமி திரை நிறையச் சிரித்தாள். அவளைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர் சாட்சாத் இதே மெக்கானிக்.

"போன வாரம் பஸ்ல பறிகொடுத்தேன். இதுல கோளாறே இல்லீங்க, வீட்டு ஆளைத் தேடியிருக்கு, அவ்வளவுதான்."

வந்தவர் மெல்லக் கதவைப் பார்த்தார்.

"சாத்தினது ஏ.சி.க்காக," என்றார் மெக்கானிக், போனை எடுத்தபடி. "பூட்டினது உங்களுக்காக."