மூணாவது கியர்

“மறுபடியும் கியரா?” என்றார் கணவர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

“இது நம்ம வண்டி இல்லீங்க. சத்தியமா இல்ல.”

“நம்பர் பாத்தியா?”

“பாத்தேன். நம்ம நம்பர்தான்.”

“கலரு? சீட் கவரு? கண்ணாடில தொங்குற கரடி பொம்மை?”

“எல்லாம் நம்மதுதான். கியர் மட்டும் நம்மது இல்ல.”

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பொறுமைக்கு ஒரு பரிசு உண்டென்றால் அந்த மனுஷனுக்கு வீடு தேடி வந்து கொடுக்கலாம். கொஞ்ச நாளாக வீட்டில் சமையல், துணி துவைப்பது, அவளுக்குத் தூக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

விஷயம் இதுதான். பல் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து மழையில் காரில் வந்துகொண்டிருந்தவள், பாலத்துத் திருப்பத்தில் எதையோ இடித்துவிட்டாள். தொம்மென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்க்கத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

கணவர்தான் குடையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, “நாய்ம்மா. செத்துப் போச்சு. ஓரமா எடுத்துப் போட்டுட்டேன்” என்றார். மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். திரும்பி வந்தபோது முன்பக்கம் பளபளவென்று இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது இந்தக் கூத்து.

அவள் வண்டியில் மூன்றாவது கியருக்கு மாப்பிள்ளை முறுக்கு ஜாஸ்தி. இரண்டிலிருந்து எடுத்து, நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, தாஜா பண்ணித் தள்ளினால்தான் போய் உட்காரும். அவள் கைக்கு அது பழகிப்போயிருந்தது. இப்போதோ கையை வைத்தாலே போதும். அவள் தள்ளுவதற்குள் அது உள்ளே போய்விடுகிறது. யாரோ அவள் கைக்கு அடியில் கையைக் கொடுத்து இழுக்கிற மாதிரி.

சிக்னலில் நிற்கும்போது முன்பெல்லாம் கியர் தண்டு கிடுகிடுவென்று ஆடும். இப்போது அசைவதே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அவளையே கவனிக்கிறது. ஒரு தடவை பயத்தில் கையை உதறிவிட்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தான்.

“அந்த நாய்தான் வந்து கியர்ல உக்காந்திருக்கு போல” என்று கணவரிடம் சொல்லியும் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போயிற்று. “மாத்திரை போட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு நாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கே தன் புத்திமேல் சந்தேகம் வந்துவிட்டது. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று உள்ளூர நடுங்கினாள்.

இந்த நேரம் பார்த்துத் தம்பிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. அவனிடம் இருப்பதும் அதே கார்தான். டாக்டரிடம் கூட்டிப்போக அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது கியருக்குக் கையை வைத்தாள். அது தானாக உள்ளே போயிற்று.

வண்டியை ஓரம் கட்டினாள்.

“என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற?”

“உன் வண்டிலயும் அது இருக்குடா.”

“எது?”

சொன்னாள். தம்பி வயிறு வலிக்கச் சிரித்தான்.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உன்னுது என்னுதுக்கு முந்தின வருஷ மாடல். அதுல மூணாவது கியர் மக்கர் பண்ணுதுன்னு எல்லாரும் திட்டினாங்க. அடுத்த வருஷம் கியர்பாக்ஸை மட்டும் மாத்திட்டாங்க. பாக்க ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான். கையை வெச்சாத்தான் தெரியும்.”

“முந்தின வருஷ வண்டி தன்னால இப்படி ஆகுமா?”

“தலைகீழா நின்னாலும் ஆகாது. மாமாவைக் கேளு, புது கியர்பாக்ஸ் போட்டாரோ என்னவோ.”

அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“நம்ம வண்டி எங்கங்க?”

கத்தி நின்றது.

“கியர்பாக்ஸ் மாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்பிடறேன்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருக்க வேண்டும்.

“பழைய இரும்புக்குப் போட்டாச்சு” என்றார். “அதே கலர்ல பழசா இன்னொண்ணு வாங்கி நம்ம நம்பர், சீட் கவர், பொம்மை எல்லாம் மாட்டினேன். யாராவது வந்து பாத்தா முன்பக்கம் ரிப்பேர் பண்ணின அடையாளமே இருக்கக் கூடாதுல்ல.”

“நாய்க்காகவா?”

“சைக்கிள்ல வந்த பெரியவர்மா. நான் போறப்பவே உயிர் இல்ல. யார் இடிச்சதுன்னு அவங்க வீட்ல இன்னும் அலைஞ்சுக்கிட்டு இருக்காங்க.” அவர் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தார். “உன்னைக் கம்பிக்குப் பின்னால பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். முகம் தெரியாத அந்தப் பெரியவருக்காக வாய்விட்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “போலீஸுக்குப் போறேன்” என்றாள். கணவர் தடுக்கவில்லை. அவள் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

போன் அடித்தது. தம்பி.

“என்னக்கா, மாமா என்ன சொன்னாரு? கியர்பாக்ஸ் மாத்தினாராமா?”

கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் யாரோ ஒருவர் சைக்கிளில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஆமாடா, கியர்பாக்ஸ்தான் மாத்தியிருக்காரு” என்றாள், செருப்பைக் கழற்றியபடி. “நல்லாத்தான் இருக்கு. பழகிடுச்சு.”