மூக்கில் ஒரு க்ளிப்

கொடியில் காய்ந்த என் பனியனிலிருந்து க்ளிப்பைப் பிடுங்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

வாசனைதான் மனிதனைச் சாப்பிட வைக்கிறது என்று காலையில் போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் பேசினார். அதை அடைத்துவிட்டால் தட்டில் பாதி மிச்சமாகுமாம், இடுப்பும் இறங்குமாம்.

எனக்கு இறங்க வேண்டியது ஏராளம். பட்டாபிராமில் நான் ஏறினால் மின்சார ரயில் ஒரு பக்கமாகச் சாயும். ஆவடி தாண்டும்வரை நிமிராது.

என் மனைவி கோமளா நேர்மாறு. வருஷ ஆரம்பத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இளைத்துக்கொண்டே போகிறாள். ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்தாகிவிட்டது. டாக்டர் அவள் உடம்பில் இருந்த மொத்த ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுகிறவளை எப்படிச் சரி என்பது? என்னிடம் விளையாட்டு கலக்காத விஷயம் அது ஒன்றுதான்.

"இன்னா மாமா இது, வேசம்?" என்றாள் கோமளா.

"ஆராய்ச்சி" என்றேன். அடைத்த மூக்கில் அது தவளைச் சத்தமாக வந்தது.

முதல் கவளம். உப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, காரம் சுட்டது. மீனைக் காணோம். வெள்ளானூர் பூனைகளைக்கூட எங்கள் வாசலில் வரிசையாக நிற்க வைக்கிற குழம்பு அது.

கோமளா எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் ஆராய்ச்சி எதற்கும் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை.

"எப்டி கீது?"

"உப்புத் தண்ணில நனைச்ச பஞ்சு."

"சோறு?"

"அதுவும் பஞ்சுதான். சூடான பஞ்சு."

"கடைசீல வெந்தயம் கசக்குதா?"

கசந்தது. தலையாட்டினேன். அவளும் கூடவே ஆட்டினாள், விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி.

அடுத்த கவளம் எனக்கு உள்ளே இறங்கவில்லை. ஆராய்ச்சி வெற்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எனக்கும் அப்டித்தான் கீது மாமா" என்றாள். "காய்ச்ச வந்ததுலேந்து."

க்ளிப்பைக் கழற்றினேன். குழம்பு வாசனை குபீரென்று முகத்தில் அடித்தது. அவள் அதே கிண்ணத்தின் மேல்தான் குனிந்திருந்தாள்.

வாசனையே தெரியாமல் இத்தனை மாதமாக இந்த ருசியில் எப்படிச் சமைத்தாள் என்று கேட்டேன்.

"கடுகு வெடிக்கிறது காதுல உழுது. எண்ண பிரியறது கண்ணுல தெரியுது. சொன்னா என்னை அடுப்பாண்ட உடுவியா நீ? மூணு வேளையும் பார்சல் வாங்கியாந்துடுவ."

வாங்கியிருப்பேன்.

"அப்ப இன்னாதான் உனுக்குத் தின்னப் புடிக்குது?"

சொல்ல வெட்கப்பட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பளம். சத்தம் கேக்குதில்ல."

எழுந்துபோய் வாணலியை வைத்தேன். டப்பாவில் இருந்ததை எல்லாம் பொரித்தேன். எதிரெதிரே உட்கார்ந்து நொறுக்கினோம். அந்தச் சத்தத்தில் எங்கோ இருக்கிற வேலப்பன்சாவடி கல்லூரிகளில்கூடப் பாடம் நின்றிருக்கும்.

நடுவில் கோமளா, என்னைப் பார்க்காமல், சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.