மெஷினுக்குச் சொன்ன புத்தி

“சார், மெஷின் மறுபடியும் அடம்பிடிக்குது. ஆத்துத் தண்ணியில ஈயம் இருக்குன்னு சரியாச் சொல்லுது. ஆனா நீங்க கொண்டுவர்ற நல்ல தண்ணியிலயும் இருக்குங்குது” என்றாள் ஆய்வு மாணவி.

பேராசிரியர் நிமிரவே இல்லை. “அது கத்துக்குட்டிம்மா. இதுதான் நல்ல தண்ணின்னு திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடு.”

“வெளியில கொடுத்து ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாமா சார்?”

“அந்தத் தண்ணிக்கு நான் கேரண்டி. நாளைக்குக் கட்டுரை போயாகணும். சொன்னதைச் செய்.”

செய்தாள். சாயங்காலத்துக்குள் மெஷின் வழிக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். “பாப்பாவுக்கு ஏன் வலிப்பு வருதுன்னு தெரிஞ்சிடுச்சுங்க. ரத்தத்துல ஈயமாம். வீட்டுத் தண்ணிய உடனே சோதிக்கச் சொல்றாங்க.”

பேராசிரியர் மேஜையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். ‘நல்ல தண்ணீர்’ என்று அவரே எழுதி ஒட்டியது. தினமும் காலையில் வீட்டுச் சமையலறைக் குழாயில் அவரே பிடித்து வருவது.

“என்னங்க, உங்க மெஷின்ல போட்டுப் பாருங்களேன்.”

பாட்டிலைத் திறந்து மெஷினில் ஊற்றினார்.

சொல்லிக் கொடுத்தபடியே, ‘நல்ல தண்ணீர்’ என்றது மெஷின்.