ஊர் வாசலில் குதிரையும் கோவேறு கழுதையும்

ஐரோப்பாவில் ராஜா பெரியவரா, பிஷப் பெரியவரா என்று ஓயாமல் சண்டை நடந்த காலம். ஒரு ராஜா முடிசூடிக்கொள்ள மாதாகோயில் இருந்த ஊருக்குப் போனார். அவரைச் சுமந்து போனவள் பியாங்கா என்ற வெள்ளைக் குதிரை. ஊர் வாசலில் பிஷப் ஒரு கிழட்டுக் கோவேறு கழுதைமேல் காத்திருந்தார்.

"நான் கடவுளின் ஊழியன். ராஜாதான் முதலில் இறங்கி எனக்கு வழிவிட வேண்டும்" என்றார் பிஷப்.

"என்னை ராஜாவாக்கியதே கடவுள்தான். நீர் இறங்கும்" என்றார் ராஜா.

இருவரும் இறங்கவில்லை. வெயில் ஏறியது. இரண்டு பக்கத்து வீரர்களும் துப்பாக்கியில் மருந்து கெட்டித்தார்கள். பியாங்கா காதை விடைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். போன சண்டையில்தான் அவள் அம்மா பீரங்கிக்குப் பலியானாள்.

"அக்கா, பக்கத்தில் எங்காவது தண்ணீர் கிடைக்குமா?" என்று கோவேறு கழுதையிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உள்ளே சந்தையில் தொட்டி இருக்கிறதடி. இவர் கடிவாளத்தை விட்டால்தானே" என்றாள் கோவேறு கழுதை.

"சேர்ந்தே போய்விடுவோம். யார் முன்னால் என்ற பேச்சே வராது."

கழுதை வாசல் பக்கம் திரும்பினாள். இருவரும் தோளோடு தோள் உரச உள்ளே நுழைந்தார்கள். கடிவாளத்தை எவ்வளவு இழுத்தும் நிற்கவில்லை. சமாதானமாகிவிட்டது என்று நினைத்து ஜனங்கள் தொப்பியை வீசி ஆர்ப்பரித்தார்கள். வேறு வழியில்லாமல் ராஜா கையசைத்தார், பிஷப் ஆசீர்வதித்தார். வீரர்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

தொட்டியருகே, "நான்தான் முன்னால் வந்தேன்" என்று ராஜாவும் பிஷப்பும் சிரித்த முகத்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பியாங்கா காதில் அது விழவில்லை. மூக்கு நனைய நனையக் குடித்தாள்.