பொய் சொல்லும் மீட்டர்

"இந்த மீட்டரை நம்பித் தொட்டிக்குள்ள இறங்கிடாதீங்க மாப்பிள்ளை. சரியான புளுகுணி!"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மீட்டர்களைச் சோதித்துக் கொடுக்கும் மீட்டர்க்காரர் தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். ரசாயனத் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுவதுதான் அவர் தொழில். உள்ளே ஆக்சிஜன் குறைந்தால் இந்த மீட்டர்தான் கத்த வேண்டும். இது ஏமாற்றினால் தங்கையின் வாழ்க்கையே போச்சு. அந்தப் பயம் மீட்டர்க்காரருக்கு எப்போதும் உண்டு.

"வாசலுக்கே வந்துட்டேன் மச்சான். அப்படி என்ன பொய் சொல்லுது?"

"தண்ணியில அளந்து கரண்ட் விட்டா, அளந்த ஆக்சிஜன் வரும். அதைச் சிலிண்டர் நைட்ரஜனோட கலந்து, நூத்துக்கு இருபத்தொண்ணு வர்ற மாதிரி குழாய் வழியா மீட்டருக்குக் கொடுத்தேன். கழுதை, கரெக்டா இருபத்தொண்ணுங்குது. குழாயைக் கழட்டினா, சும்மா இருக்கிற காத்தைப் பதினாறுங்குது!"

"காத்துன்னா எங்கேயும் இருபத்தொண்ணுதானே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! ஒரே கத்தல் வேற. அலாரத்தை அணைச்சுட்டேன்."

ஏசி இரைந்துகொண்டிருந்தது. குளிர் போகாமலிருக்கக் கதவை இறுக்கச் சாத்தியிருந்தார். மீட்டரைப் பிரித்துப் பார்க்கலாமென்று ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். மேசையில் இல்லை, டிராயரில் இல்லை, கையில் இருந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது. திருகாணியில் வைத்தால் வழுக்கி வழுக்கிப் போனது. இந்தப் பாழாய்ப்போன மீட்டர் மண்டையைக் குழப்பிவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது.

"இப்போ பதினஞ்சுங்குது! நிமிஷத்துக்கு ஒரு பேச்சு."

"மச்சான், உங்க குரல் ஏன் இப்படிக் குழறுது?"

"அதை விடுங்க. தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நீங்க அவசியம் வந்துடணும்."

"என்னது? உங்க தங்கச்சியக் கட்டினதே நான்தானே மச்சான்!"

போன் கட்டானது. படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். கதவை உதைத்துத் திறந்த மாப்பிள்ளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைக் கொத்தாகத் தூக்கி வராந்தாவில் போட்டார்.

மீட்டர்க்காரர் பிடித்திருந்த மீட்டரில் எண்கள் மெல்ல ஏறி இருபத்தொன்றில் நின்றன.

"பார்த்தீங்களா, மறுபடி மாத்திப் பேசுது!" என்றார் மீட்டர்க்காரர்.

"அது ஆரம்பத்துல இருந்தே ஒரே பேச்சுதான் மச்சான். நைட்ரஜன் சிலிண்டர் கசிஞ்சு ரூம் பூரா நெறைஞ்சிருக்கு" என்று மூச்சு வாங்கினார் மாப்பிள்ளை. "இன்னிக்குத் தொட்டிக்குள்ள இறங்கினது நான் இல்ல, நீங்க!"