கேப்டன் மேல் வந்த கோபம்

"அந்தக் கேப்டன் மனுஷனே இல்லைங்க. பெத்த பிள்ளைகிட்ட யாராவது இப்படி நடந்துக்குவாங்களா?"

இன்ஜினீயர் நாவலை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தார். வாசகர் வட்டத்தில் அவர் வாய் திறந்ததே இதுதான் முதல் தடவை. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவரை இதில் இழுத்துவிட்டவர் அவர் மனைவி, பல் டாக்டர். இந்த மாதத்துக்கான நாவலைத் தேர்ந்தெடுத்ததும் டாக்டர்தான். கூட்டமும் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது.

நாவலில், கப்பல் கேப்டனின் மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வயலின் வாசிக்கப் போகிறான். கேப்டன் அவனைத் தலைமுழுகிவிடுகிறார்.

இந்தக் கால நாவல்களில் நல்லவர் என்று ஒருத்தர்கூட இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார் பள்ளி ஆசிரியை. மகன் மட்டும் யோக்கியமா, அம்மா போன் செய்தால்கூட எடுக்காத திமிர் பிடித்தவன்தானே என்றார் வக்கீல். பிள்ளை கெட்டுப்போய்விடுவானோ என்ற பயம்தான் கேப்டனிடம் கோபமாக வந்தது என்று அவருக்காக வாதாடவும் செய்தார்.

இன்ஜினீயர் விடுவதாக இல்லை. பயம் ஒரு நாள் இருக்கும், ஒரு மாதம் இருக்கும், அதற்கப்புறம் இருப்பதெல்லாம் வறட்டுக் கௌரவம் என்றார். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கேப்டன் போகாத இடத்தைப் படித்துவிட்டுத் தனக்குத் தூக்கமே வரவில்லை என்றார்.

ஆடும் பல்லைத் தொட்டுப் பார்க்கிற நிதானத்தோடு டாக்டர் கேட்டார்.

"அந்த இடத்துல நீங்க இருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன். தப்பு என்மேலதான்னும் சொல்லியிருப்பேன்."

வக்கீலே கைதட்டிவிட்டார்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. நாவலாசிரியரை வரச் சொல்லியிருந்ததாக டாக்டர் சொன்னதும் கூடமே எழுந்து நின்றது. புனைபெயரில் எழுதுகிறவர், யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"நீங்களே போய்க் கதவைத் திறங்க. உங்களைத்தானே புத்தகம் இந்தப் பாடு படுத்தியிருக்கு."

இன்ஜினீயர் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்த் திறந்தார்.

கதை எழுதப் போகிறேன் என்று படிப்பை விட்டதற்காக, இனிமேல் என் முகத்தில் விழிக்காதே என்று அவர் அனுப்பிவைத்த மகள் வாசலில் நின்றிருந்தாள்.

"தப்பு என்மேலதாம்மா" என்று அவர் சொன்னது, உள்ளே இருந்த டாக்டருக்குத் தெளிவாகவே கேட்டது.